கண் வைத்தியர்களின் வகுப்பறையும் எமது வெங்காயத் தோட்டமும்

மாம்புரிப் பக்கத்து மணல் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்குக் கண்ணில் ஏதாவது விழுவது புதினமல்ல. சோளகக் காற்று எழும்பினால் மணல் பறக்கும். 2010இல் இந்தக் கரையோரம் காற்றாலைகளை நிறுத்தியவர்கள் எந்தக் காற்றை நம்பி நிறுத்தினார்களோ, அதே காற்றுத்தான் எமது கண்களுக்குள்ளும் மணலை அள்ளி வீசுகிறது. குனிந்து களை பிடுங்கும்போது வெங்காயத் தாளின் நுனி குத்தும். மிளகாய்க் கொப்பு நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். கண்ணைக் கசக்கி, கிணற்றுத் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு, மறுபடியும் குனிந்து வேலையைத் தொடர்வதே வழமை. பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. எப்போதோ ஒரு தடவைதான் ஒரு கண் போகிறது.

இந்த இதழில் கண் வைத்தியர்களுக்காக நடத்தப்படும் தொடர் கல்வி விரிவுரைகளைப் பற்றி எழுத எண்ணினோம். “அது வைத்தியர்களின் பாடு, எங்களுக்கென்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளாக அந்த மண்டபங்களில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டு வரும் விடயங்களில் ஒன்று, தோட்டத்தில் கீறுண்ட கண். அதாவது உங்கள் கண். அங்கே பேசப்பட்டது இங்கே வந்து சேர்ந்ததா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

முதலில், படித்து முடித்த வைத்தியருக்கு இன்னும் என்ன படிப்பு என்று பார்ப்போம்.

ஒருவர் மருத்துவக் கல்லூரியை விட்டு வெளியே வரும்போது கொண்டுவருவது அந்த ஆண்டின் அறிவு. அதை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது ஆண்டு வைத்தியம் பார்ப்பது, 1970களின் விவசாயக் கைநூலைப் பார்த்து இன்று தோட்டத்துக்கு மருந்தடிப்பதற்கு ஒப்பானது. எமது வாசகர்களில் மூத்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். அந்நாளில் கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் போத்தல் அடி போலத் தடித்த கண்ணாடியோடு வீடு திரும்புவார்கள். வாசற்படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவித் தடவி நடப்பார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடியும் குருடு. இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் இப்படிக் கண்ணாடியைத் தொலைத்தவர்களின் நிலை எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று புரை படர்ந்த வில்லையை எடுத்துவிட்டு, கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை ஒன்றை வைத்துவிடுகிறார்கள். தடித்த கண்ணாடி போய்விட்டது.

இந்த மாற்றம் வந்த கதையே விரிவுரை மண்டபத்தின் கதைதான். லண்டனைச் சேர்ந்த ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர், இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த விமானிகளின் கண்களுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் கிடப்பதையும், அவை கண்ணைக் கெடுக்காமல் சும்மா இருப்பதையும் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து 1949இல் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். 1951இல் ஒக்ஸ்போர்டில் கூடிய கண் வைத்தியர்கள் முன் அதை எடுத்துச் சொன்னபோது கிடைத்தது பாராட்டு அல்ல, எதிர்ப்பு. நல்லதை ஏற்றுக்கொள்ளப் படித்தவர்களுக்கும் காலம் எடுக்கிறது. அது ஏழைக் கண்ணுக்கு வந்து சேர இன்னும் காலம் எடுத்தது. மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலையைச் சார்ந்த ஓரோலாப் 1992இல் வில்லைகளைத் தானே தயாரித்துக் குறைந்த விலைக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் எமது பக்கத்து நாடுகளின் சாதாரண மக்களுக்கு அது கைக்கெட்டியது. கணக்கைப் பார்த்தால் நாற்பதாண்டுக்கும் மேல்!

இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் வைத்தியர்களைத் தொடர்ந்து படிக்க வைக்கிறார்கள். இந்தியாவில் 2002இல் வந்த மருத்துவ ஒழுக்க விதிகள், ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணித்தியாலங்கள் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று வைத்தியர்களுக்குச் சொல்லின. எமது நாட்டில் 1887இல் தொடங்கிய இலங்கை மருத்துவ சங்கமும், கண் வைத்திய நிபுணர்களின் கல்லூரியும் ஆண்டுதோறும் கல்வி அமர்வுகளை நடத்துகின்றன. ஓர்பிஸ் என்ற அமைப்பு 1982 முதல் ஒரு விமானத்தையே கண் வைத்தியசாலையாக்கி நாடு நாடாகப் பறக்க விட்டது. அதன் ஒரு பகுதியில் சத்திரசிகிச்சை நடக்கும், மறு பகுதியில் அந்த நாட்டு வைத்தியர்கள் வகுப்பறையில் இருப்பது போல அமர்ந்து திரையில் பார்த்துக் கற்பார்கள். லண்டனிலிருந்து 1988 முதல் ஒரு சமூகக் கண் சுகாதாரச் சஞ்சிகை வறிய நாடுகளின் கண் ஊழியர்களுக்கு இலவசமாக வருகிறது. எமது இதழைப் போலச் சிறியதுதான். ஆனால் தூரத்து ஆஸ்பத்திரியில் தனியாக இருக்கும் வைத்தியருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை, தனியாகத் தோட்டம் செய்தவர்கள் விளங்கிக்கொள்வார்கள். 2020இல் கொரோனா வந்து மண்டபங்களை மூடிய பின் விரிவுரைகள் கைத்தொலைபேசிக்கே வந்துவிட்டன.

தமிழில் இப்படிப் படிப்பிக்கலாம் என்று காட்டியவர் ஒருவரும் எமது தீவில் வாழ்ந்திருக்கிறார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். பிற்காலத்தில் வகுப்பைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, பிரசவம், சத்திரவைத்தியம் எல்லாவற்றையும் தமிழ் நூல்களாக்கினார். இன்றைய கண் விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. நடக்கட்டும். ஆனால் மண்டபத்துக்கு வெளியே வரும்போது அந்தச் செய்தி தமிழும் சிங்களமும் பேச வேண்டும். அங்கேதான் தடக்குகிறது.

மதுரையில் எண்ணிய கண்கள்

இனிக் கீறுண்ட கண்ணுக்கு வருவோம். கண்ணின் முன்பக்கத்தில், கறுப்பாகத் தெரியும் பகுதியின் மேல், கடிகாரக் கண்ணாடி போல ஒரு தெளிந்த மூடி இருக்கிறது. விழிவெண்படலம் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். அதன் தடிப்பு நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அதற்குள் இரத்தக் குழாயே கிடையாது. அதன் மேல்தோல் கீறுண்டால் சாதாரணமாக ஓரிரு நாட்களில் தானே மூடிக்கொள்ளும். மூடுவதற்கு முன் கிருமி உள்ளே இறங்கிவிட்டால் புண்ணாகும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். அந்தத் தழும்பு நடுவில் நின்றால், கண் இருந்தும் பார்வை இல்லை.

இந்தப் புண் யாருக்கு வருகிறது என்று மதுரையில் எண்ணிப் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற பின் 1976இல் பதினொரு கட்டில்களோடு டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் வைத்தியசாலைதான் அந்த இடம். வாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடித்தவர் அவர். 1996இல் வெளிவந்த கணக்கின்படி, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் 113 பேருக்கு இந்தப் புண் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எண்ணியபோது அது 11. பத்து மடங்கு வித்தியாசம். மறு ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு, 1994இல் மூன்றே மாதங்களில் அந்த வைத்தியசாலைக்கு வந்த 434 புண் கண்களைப் பரிசோதித்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதலில் ஏதோ ஒரு காயம் பட்டிருந்தது. கிருமி கண்டுபிடிக்கப்பட்ட கண்களில் ஏறத்தாழப் பாதியில் இருந்தது பங்கசு.

பங்கசு என்றால் பழைய பாணிலும் ஈரச் சுவரிலும் பூக்கும் பூஞ்சணம். மதுரையில் அந்தக் கண்களில் அதிகமாகக் கண்டது பியூசேரியம் என்ற இனம். வெங்காயம் செய்கிறவர்களுக்கு அது அறிமுகமான எதிரி. வெங்காயத்தின் அடி அழுகி, தாள் மஞ்சளாகி, இழுத்தால் வேர் கையோடு வருமே, அந்த அடியழுகல் நோய்க்குக் காரணமும் இதே பியூசேரியம் இனத்தைச் சேர்ந்ததுதான். மண்ணிலும் காய்ந்த தாளிலும் இருப்பது, தாள் கண்ணில் குத்தும்போது கண்ணுக்குள் போகிறது. பற்றீரியாவால் வரும் புண்ணுக்குக் கொடுக்கும் மருந்து இதற்கு வேலை செய்யாது. ஆகவே தோட்டக்காரனின் சிவந்த கண்ணைப் பார்க்கும் வைத்தியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “என்ன பட்டது?” என்பதாகும். புண்ணின் ஓரத்தைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தால், பங்கசின் நூல்கள் சில நிமிடங்களில் தெரியும். பெரிய இயந்திரம் தேவையில்லை. சிறிய ஆஸ்பத்திரிகளின் வைத்தியர்களுக்கு விரிவுரைகளில் கற்பிக்கப்படும் மிகப் பயனுள்ள பாடம் இதுவென்று நாம் எண்ணுகிறோம். புதிய லேசர் கருவியின் படங்களைவிட இது அதிகம் கண்களைக் காப்பாற்றும்.

பதினெட்டு மணித்தியாலம்

2001இல் நேபாளத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பக்தபூர் மாவட்டத்தில் 34,902 பேர் வாழும் பகுதியில், கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்களுக்கே பயிற்சி கொடுத்திருந்தார்கள். கண்ணில் ஏதும் பட்டால் உடனே அவர்களிடம் வர வேண்டும். தொண்டர் ஒரு சாயத்துளி விட்டு நீல ஒளியில் பார்த்து, கீறல் இருந்தால் குளோரம்பெனிக்கோல் களிம்பு போடுவார். இரண்டு ஆண்டுகளில் 442 கீறுண்ட கண்களுக்கு இப்படி மருந்திட்டார்கள். காயம் பட்டு 18 மணித்தியாலத்துக்குள் வந்தவர்கள் 284 பேர். அவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. 18 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வந்த 109 பேரில் நால்வருக்கு வந்தது. ஒரு நாள் கழித்து, இரண்டாம் நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர்.

இந்த எண்களை உங்கள் நாட்கூலியோடு சேர்த்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, மன்னார்க் கரையிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்களில் எத்தனையோ பேர் சொந்த வயல் வைத்திருந்தவர்கள். இங்கே வந்து மற்றவர் தோட்டத்தில் வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் கூலிக்குப் போனார்கள். சிலர் திரும்பிப் போய்விட்டார்கள். பலர் இங்கேயே பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார்கள். கூலிக்குப் போகிறவர் காலை பத்து மணிக்குக் கண்ணில் தாள் குத்தினால் பொழுது சாயும்வரை வேலை செய்வார். இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. இரவு கண் உறுத்தும். “விடியட்டும் பார்ப்போம்” என்பார்கள். விடிந்தால் மறுநாள் வேலை. மூன்றாம் நாள் கண் திறக்க முடியாதபோதுதான் பஸ் ஏறுவார்கள். பதினெட்டு மணித்தியாலம் எப்போதோ போய்விட்டது. இதை அறியாமை என்று எழுதுவது எழுதுபவருக்குச் சுலபம். அது அறியாமை மட்டுமல்ல, ஏழ்மையின் கணக்கு. ஆனால் ஒரு நாள் சம்பளத்துக்கு எதிர்த்தட்டில் இருப்பது ஒரு கண் என்பதை அந்தக் கணக்கு எழுதுகிறபோது சேர்த்துக்கொள்ள வேண்டும். தோட்ட உரிமையாளர்களும்தான். வேலைக்கு வந்தவரின் கண்ணில் பட்டால் அரை நாளில் அனுப்பிவிட்டு முழுச் சம்பளமும் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய நட்டமாகாது.

பக்தபூர்ச் செய்தியோடு கதை முடிந்துவிடவில்லை. அங்கே வந்தவர்களைத்தான் எண்ணினார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு கிராமம் வைத்திருக்கவில்லை. அதனால் நேபாளத்திலேயே பின்னர் இன்னும் பெரிய சோதனை நடந்தது. 24 பகுதிகளைப் பிரித்து, பாதியில் மட்டும் பயிற்சி பெற்ற தொண்டர்களை வைத்து, ஆண்டுக்கணக்காகப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வெளிவந்தது. தொண்டர்கள் இருந்த பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் கண் புண்ணின் அளவில் வித்தியாசம் காணப்படவில்லை. இது பலருக்கு ஏமாற்றம். எமது வாசிப்பு இதுதான்: நேரத்தோடு மருந்திடுவது வீண் என்று இதற்குப் பொருளல்ல. களிம்புக் குழாயைக் கிராமத்தில் கொண்டுபோய் வைத்தால் மட்டும் காரியம் நடந்துவிடாது என்பதே பொருள். கண்ணில் பட்டவர் அன்றே எழுந்து வர வேண்டும். வருவாரா என்பது விரிவுரையில் தீர்மானிக்கப்படுவதில்லை. தொடர் கல்வி ஏன் வேண்டும் என்பதற்கும் இதுவே நல்ல சான்று. 2001இன் விரிவுரையை மட்டும் கேட்டவருக்குத் தெரிந்தது பாதிக் கதை.

விலை கூடிய மருந்து தோற்ற கதை

இன்னொரு பாடமும் மதுரையிலிருந்து வந்தது. பங்கசுப் புண்ணுக்கு நட்டாமைசின் என்ற துளிமருந்து 1978 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட பழைய மருந்து. பின்னர் வொரிக்கொனசோல் என்ற புதிய மருந்து வந்தது. புதியது, விலை கூடியது, ஆகவே நல்லதாகத்தான் இருக்கும் என்று பல வைத்தியர்கள் எண்ணினார்கள். நாமும் உரக்கடையில் அப்படித்தானே எண்ணுகிறோம்? டொக்டர் வெங்கடேஷ் பிரஜ்னாவும் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அரவிந்த் வைத்தியசாலைகளில் 323 நோயாளர்களுக்குச் சீட்டுப் போட்டது போல இரண்டில் ஒன்றைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2013இல் வெளிவந்த முடிவில் பழைய நட்டாமைசினே வென்றது. அதுவும் பியூசேரியம் புண்ணில் வித்தியாசம் மிகத் தெளிவாக இருந்தது. புதிய மருந்து பெற்றவர்களின் கண்களே அதிகமாகத் துளை விழுந்தன. 2017இல் உலக சுகாதார நிறுவனம் நட்டாமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வைத்தியர் இந்த விரிவுரையைக் கேட்டிருக்கிறாரா இல்லையா என்பது, உங்கள் துண்டில் எந்த மருந்தின் பெயர் எழுதப்படுகிறது என்பதில் வந்து நிற்கிறது.

ஸ்டீரொயிட் துளிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டெக்சாமெதசோன், பிரெட்னிசொலோன், பீட்டாமெதசோன் என்ற பெயர்களில் வருபவை இவை. சில நோய்களுக்கு இவை அருமையான மருந்து. கண் சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுப்பதும் இவற்றைத்தான். ஆனால் பங்கசு உள்ள கண்ணில் இதை விட்டால் சிவப்பு மாறும், நோவு குறையும், “சுகமாகிவிட்டது” என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உள்ளே பூஞ்சணம் தடையில்லாமல் படரும். பற்றீரியாப் புண்ணில்கூட, சரியான மருந்தோடு ஸ்டீரொயிட்டும் சேர்த்தால் பார்வை கூடுமா என்று 500 பேரில் பார்த்தார்கள். மொத்தத்தில் கூடவில்லை என்று 2012இல் தெரிந்தது. மாதக்கணக்கில் தானாக விட்டுக்கொண்டால் கண்ணின் அழுத்தம் ஏறிக் குளுக்கோமாவும் வரலாம்.

கண் வைத்தியர்கள் இதை நன்றாக அறிவார்கள். மண்டபத்தில் இதைப் பற்றிப் பேசாத ஆண்டு இல்லை எனலாம். ஆனால் மாம்புரித் தோட்டத்தில் கண் கீறுண்டவர் முதலில் போவது கண் வைத்தியரிடமா? பாமசிக்கு. அல்லது போன வருடம் அயலவருக்கு எழுதிக் கொடுத்து அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் போத்தலுக்கு. விரிவுரை வைத்திய நிபுணரோடு நின்றுவிட்டால், முதல் துளியைக் கொடுக்கும் கைக்கு அது போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள். எமது கருத்து இது: கண் நிபுணர்களுக்கு ஒரு மணித்தியாலம் விரிவுரை வைத்தால், அதே விடயத்தைப் பற்றி வெளிநோயாளர் பிரிவு வைத்தியர்களுக்கும், தாதிமாருக்கும், குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும், பாமசிக்காரர்களுக்கும், விவசாயப் போதனாசிரியர்களுக்கும் அவரவர் மொழியில் அரை மணித்தியாலமாவது வைக்க வேண்டும். அதற்குப் பெரிய ஹோட்டல் மண்டபம் தேவையில்லை. பள்ளிக்கூடக் கட்டிடம் போதும்.

தழும்பு நின்ற பிறகு கடைசி வழி, இறந்தவர் ஒருவரின் விழிவெண்படலத்தை வைத்துத் தைப்பது. இதில் எமது நாட்டுக்கு உலகப் பெயர் உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கம் 1964இல் சிங்கப்பூருக்கு முதல் கண்களை அனுப்பியது முதல் எத்தனையோ நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. பெருமைப்பட வேண்டிய விடயம். ஆயினும் பங்கசு தின்றுகொண்டிருக்கும் கண்ணில் தைத்த புதுப் படலம் நிலைப்பது கடினம். தானக் கண் இருக்கிறது என்ற தைரியத்தில் கீறலை விட்டுவைக்க முடியாது.

தோட்டத்தில் என்ன செய்வது?

அந்த மண்டபங்களில் பேசப்படுவதில் உங்களுக்குத் தேவையான பகுதியை இங்கே தருகிறோம்.

மணலோ தூசியோ விழுந்தால் கசக்க வேண்டாம். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். சேலைத் தலைப்பை ஊதிச் சூடாக்கி மூடிய கண்ணில் ஒற்றும் ஆச்சிமாரோடு எமக்குச் சண்டையில்லை. அதனால் கெடுதி வராது. ஆனால் நாக்கால் தூசி எடுப்பது, தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவது, ஆமணக்கெண்ணெய் விடுவது எல்லாவற்றையும் கீறுண்ட கண்ணில் செய்யவே கூடாது. திறந்த காயத்துக்குள் நாமே கிருமியை அனுப்புகிறோம். உள்ளே ஏதாவது குத்தி நின்றால் இழுக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

பூச்சிமருந்தோ களைநாசினியோ சுண்ணாம்போ தெறித்தால் முதல் வைத்தியம் தண்ணீர். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவது இரண்டாவது. கிணற்றடியில் படுக்க வைத்து, இமையைத் திறந்து பிடித்து, அரை மணித்தியாலம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகுதான் பஸ். மருந்துப் போத்தலின் லேபலையும் கையோடு கொண்டுபோங்கள்.

செடியோ தாளோ உமியோ பட்ட கண், தண்ணீரில் கழுவிய பின்னும் உறுத்தினால் அன்றைக்கே காட்டுங்கள். திருவிழாக் காலங்களில் பரவும் சிவப்புக் கண் நோய் பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் வரும், பீளை தள்ளும், பார்வை மங்காது. புண் அப்படியல்ல. ஒரு கண்ணில் வரும், நோவு கடுமையாக இருக்கும், வெளிச்சம் பார்க்க முடியாது, பார்வை மங்கும், கறுப்பு விழியில் வெள்ளைப் புள்ளி தெரியும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மணித்தியாலக் கணக்குத்தான். கற்பிட்டியிலோ புத்தளத்திலோ காட்டி, அவர்கள் அனுப்பும் கண் பிரிவுக்குத் தாமதமின்றிப் போக வேண்டும்.

வைத்தியரிடம் மூன்று விடயங்களைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: என்ன பட்டது, எத்தனை மணிக்குப் பட்டது, அதற்குப் பிறகு கண்ணில் எதையெல்லாம் விட்டீர்கள். “கண் நோவுது” என்று மட்டும் சொன்னால் வரிசையில் நிற்கும் நூறு கண்களில் அதுவும் ஒன்றாகிவிடும். மொழி விளங்காவிட்டால் பாடசாலைப் பிள்ளை ஒன்றைக் கூட்டிச் செல்லுங்கள், அல்லது பட்ட தாளையே ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். விட்ட மருந்தின் போத்தலையும் மறைக்காமல் காட்டுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து போத்தலை வீட்டில் விட்டுவிட்டுப் போவது பலருடைய பழக்கம். ஏச்சு ஐந்து நிமிடம். வைத்தியருக்குத் தெரியாத ஸ்டீரொயிட் அடுத்த பல நாட்களுக்கு அவரைப் பிழையான வழியில் நடத்தும். “புண்ணைச் சுரண்டிப் பார்க்க வேண்டுமா, டொக்டர்?” என்று மரியாதையோடு கேட்பதிலும் தவறில்லை. தொடர்ந்து படிக்கும் வைத்தியர் அந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

பங்கசுப் புண் என்று தெரிந்தால், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணித்தியாலத்துக்கு ஒரு துளி என்று முதல் வாரம் விடச் சொல்வார்கள். பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு துளி என்று இன்னும் வாரங்கள் போகும். நோவு குறைந்தவுடன் நிறுத்தியவர்களுக்குப் புண் திரும்பும். வீட்டில் எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விட்டால் அந்தத் துளியை யார் விடுவது? விரிவுரை மண்டபத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை. எமது மாதர் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசலாம். பக்கத்து வீட்டில் யார் பகலில் இருக்கிறார், எந்தப் பிள்ளைக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியும், கண் நோயாளி இருக்கும் வீட்டுக்கு அந்த மூன்று வாரமும் சமைத்த சோறு யார் அனுப்புவது என்று பெயர் குறித்து ஒழுங்கு செய்யுங்கள். துளி விடுபவர் முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், போத்தலின் நுனி இமையில் படக்கூடாது, ஒரு போத்தலை இருவர் பாவிக்கக் கூடாது.